பச்சை டவுன் பஸ்

என் பொம்மை பஸ்களுக்குத் தூசு புகாத கண்ணாடி அலமாரி செய்துகொடுத்தவர், கள்ளக்குறிச்சியில் அலுமினிய வேலை பார்ப்பவர். எதைத் தொடும் முன்பும் கையைச் சட்டையில் துடைத்துக்கொள்வார். வேலை முடிந்ததும் ஒரு ஊதுவத்தியைக் கொளுத்திக் கதவு இடுக்குகளில் காட்டினார்.

“பொகையே உள்ள போவல. தூசு எங்கங்க சார் போவப்போவுது?”

பிறகு உள்ளே இருந்த பச்சை பஸ்ஸையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“இதே மாதிரி டவுன் பஸ்லதாங்க கச்சிராயபாளையத்துலருந்து வந்து போய்க்கினு இருக்கேன். ஒரு தபா கையில எடுத்துப் பாக்கட்டுங்களா?”

“இப்பதான் துடைச்சு வச்சேன்” என்றேன்.

“ஆமாங்க சார், கை அழுக்கு” என்று சிரித்தவர், கையை மறுபடியும் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

அலமாரிக்குள் இன்றுவரை தூசு இல்லை. அந்தப் பச்சை பஸ்ஸை எடுக்கத்தான் எனக்குக் கை கூசுகிறது.