ஓநாயின் முதுகிலிருந்த சிப்

இத்தாலியின் பலேர்மோ நகருக்கு வந்த இரண்டாம் வருடம், 2005இல், சீசா என்ற பகுதியில் ஒரு மாடிவீட்டில் எனக்கு வேலை கிடைத்தது. எண்பதை நெருங்கிய ஓர் இத்தாலிய அம்மாவை, நான் சிஞ்ஞோரா என்று கூப்பிடுபவரை, பகல் முழுவதும் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு கண்ணிலும் புரை. வெளிச்சத்தையும் நிழலையும் தவிர அவருக்கு வேறொன்றும் தெரியாது. சமையல், குளியல், மருந்து எல்லாவற்றையும் அவருடைய மகள் முதல்நாளே எனக்குக் காட்டித் தந்தார். தொலைக்காட்சியைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உள்ளூர் அலைவரிசை ஒன்றில் சிறுவர் தொடர் ஒன்று போகும். மிகப் பழையது, இத்தாலிய மொழியில் குரல் சேர்த்திருந்தார்கள். ஓர் இரத்தக்காட்டேரி, ஓர் ஓநாய் மனிதன், பிணத்துண்டுகளைத் தைத்து உண்டாக்கிய ஒரு ராட்சதன், இந்த மூவரும் சேர்ந்து திருடர்களைப் பிடிப்பார்கள். சிஞ்ஞோரா அதை ஒருநாளும் தவறவிட்டதில்லை. வியா மக்வேதா தெருவில் அவரும் கணவரும் நெடுங்காலம் பொத்தானும் நூலும் சிப்பும் விற்ற கடை வைத்திருந்தவர்கள். ஒருமுறை அந்தக் கடையை உடைத்துக் களவெடுத்தவர்கள் கடைசிவரை அகப்படவில்லை. இந்த மூவரும் அரை மணித்தியாலத்தில் பிடித்துவிடுகிறார்களே என்று சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்படுவார்.

பேச்சைக் காதால் பிடித்துக்கொள்வார். சண்டை தொடங்கினால் வெறும் இசைதான் கேட்கும். அப்போது என் கையைப் பிடித்து, இப்போது என்ன செய்கிறான் என்று கேட்பார். எனக்குத் தெரிந்த இத்தாலியச் சொற்கள் துடைக்கவும் சமைக்கவும் மட்டுமே போதுமானவை. "ஓநாய், கதவு" என்பேன். கதவைத் திறக்கிறானா, உடைக்கிறானா என்று விடாமல் கேட்பார். உணவகச் சமையலறையில் வேலை செய்த என் கணவர், அங்கே கேட்டு எனக்குச் சொற்கள் கொண்டுவந்தார். தப்பியோடுவதற்கு அவர் கொண்டுவந்த சொல்லை நான் சொன்ன அன்று, சிஞ்ஞோரா முதலில் திகைத்து, பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தார். அது சந்தையில் ஆண்கள் மட்டும் பேசும் சொல்லாம்.

மூன்று மாதத்தில் எனக்கு வாய் திறந்துவிட்டது. அந்தத் தொடரோ பார்க்கச் சகிக்காது. கோட்டைச் சுவர் மட்டையால் செய்தது, யாராவது சாய்ந்தால் ஆடும். ஓநாய் மனிதனின் ரோம உடுப்புக்கு முதுகில் நீளமாக, இழுத்துப் பூட்டும் ஒரு சிப். தொடக்கத்தில் அதையெல்லாம் சொல்ல எனக்குச் சொல் இருக்கவில்லை. சொற்கள் வந்த பிறகும் நான் சொல்லவில்லை. கருங்கல் சுவர் என்றேன், ஓநாயின் பல்லில் நுரை வழிகிறது என்றேன். பயத்தில் அவர் கை என் கையை இறுக்குவது எனக்குப் பிடித்திருந்தது.

பிறகு மகள் கண் சத்திரசிகிச்சைக்கு நாள் எடுத்தார். என்னுடைய பெர்மெசோவை, அதாவது வதிவிட அனுமதிப் பத்திரத்தை, புதுப்பிக்க வேலை ஒப்பந்தம் வேண்டும். பார்வை வந்துவிட்டால் சிஞ்ஞோராவுக்கு நான் எதற்கு? கணவரிடம் சொன்னேன்.

"அப்பிடி நினையாதையும். முதல்லை அந்த மனிசிக்குக் கண் தெரியட்டும்" என்றார்.

ஓம் என்றேன். ஆனாலும் சத்திரசிகிச்சையன்று ஆஸ்பத்திரி வாசலில் நின்று கும்பிட்டபோது, எதைக் கேட்டுக் கும்பிடுகிறேன் என்று எனக்கே தெளிவாகத் தெரியவில்லை.

ஒரு கண் நன்றாகத் தெளிந்தது. கட்டு அவிழ்த்த சில நாட்களில் அவர் தொலைக்காட்சிக்கு முன்னால் வந்து அமர்ந்தார். சண்டை தொடங்கியதும் பழக்கத்தில் நான் வாயைத் திறந்தேன். அவர் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். ஓநாய் திரும்பியது.

"அதின்ரை முதுகிலை சிப் இருக்கு" என்றார். "கோணலாய்த் தைச்சிருக்கு. நீ ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

அந்தச் சொல் எனக்குத் தெரியாது என்றேன். அது பாதிப் பொய் என்று அவருக்கு விளங்கிவிட்டது.

நான் எதிர்பார்த்ததுபோல அவர் சிரிக்கவில்லை. தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு வீடு முழுவதும் நடந்தார். குளியலறைக் கூரையில் ஈரம் ஊறிக் கறுத்திருந்தது. மகள் அதைச் சொன்னதில்லை. கலியாணப் பரிசாக வந்த கோப்பைகளில் இரண்டு உடைந்துபோய், அவற்றின் இடத்தில் மலிவான வேறு கோப்பைகள் இருந்தன. கடைசியில் கண்ணாடியில் தன் முகத்தை வெகுநேரம் பார்த்தார். கண் தெரியாதவளுக்கு எல்லாரும் அழகாகத்தான் கதை சொல்லியிருக்கிறீர்கள் என்றார். மூன்று நாள் என்னுடன் தேவைக்கு மட்டும் பேசினார். அந்த நேரத்துக்குத் தொலைக்காட்சியைப் போடவும் இல்லை.

நாலாம் நாள் நான் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தேன். எனக்கு எதிரே வந்து அமர்ந்தார்.

"வேறை என்னத்தைச் சொல்லாமல் வைச்சிருக்கிறாய்?"

ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கலாம். என்னால் முடியவில்லை. "உங்களுக்குக் கண் தெரிஞ்சால் என்ரை வேலை போயிடும் எண்டு பயந்தனான், சிஞ்ஞோரா. ஒப்பரேசன் சரிவராமல் போனால் நல்லது எண்டுகூட ஒருநாள் நினைச்சனான்."

மடித்த துவாய் ஒன்றை எடுத்து, விரித்து, அவரே திரும்ப மடித்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சற்று நேரத்தில் எழுந்துபோய் மகளுக்குத் தொலைபேசி எடுத்தார். முழுநாள் தனக்கு ஆள் தேவையில்லை, ஆனால் இவளுக்குப் பத்திரம் புதுப்பித்துக் கிடைக்கும்வரை காலை வேலைக்கு ஒப்பந்தம் இருக்க வேண்டும் என்று அவர் சொன்னது கூடத்திலிருந்து எனக்குக் கேட்டது. மகள் மறுத்திருக்க வேண்டும். அவர் அதையே இன்னொரு முறை, மெதுவாகச் சொன்னார்.

அங்கே மேலும் ஒன்றரை வருடம் காலையில் வேலை செய்தேன். பின்னேரங்களுக்கு வேறு வீடு பிடித்துக்கொண்டேன். என்னை அவர் மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. நானும் கேட்கவில்லை. மற்றக் கண்ணைக் காட்டப் போன அன்று, என்னையே துணைக்கு வரச் சொன்னார். பஸ்ஸில் யன்னலோரம் அமர்ந்துகொண்டு, வழியிலிருந்த கடைப் பெயர்ப்பலகைகளை ஒவ்வொன்றாக உரக்க வாசித்தார். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் நிறுத்தவில்லை. இறங்கும் இடம் வந்ததைக் கூட நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.