மேடைக்காரர் அரை மணிநேரம் கூடக் கதைத்தார்

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் தினமும் பிற்பகல் இரண்டரை மணிக்குத் தொலைக்காட்சிப் பெட்டிக்குக் கைதட்டுவார்கள். மடியில் வைத்த கேக் தட்டைப் பக்கத்து மேசையில் வைத்துவிட்டு, மூட்டுவலிக் கைகளால், உள்ளே இருக்கிற மனிதருக்குக் கேட்கும் என்ற நம்பிக்கையோடு தட்டுவார்கள். அந்த மனிதர் செத்துப் பல காலம். முப்பது, நாற்பது வருடத்துக்கு முந்திய சனிக்கிழமை நிகழ்ச்சிகளை ஒரு சானல் திரும்பத் திரும்பப் போடுகிறது. மினுங்குகிற கோட் போட்ட மேடைக்காரர் நீளமான படிக்கட்டில் இறங்கி வருவார். சமதரையில் நடந்து வந்தால் என்ன என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. முதலில் ஒரு பாட்டு. பிறகு கணக்குப் பார்க்கத் தெரிந்த ஒரு நாய். பிறகு சோபாவில் ஒரு நடிகையை இருத்தி, அவளுடைய விவாகரத்தைப் பற்றிச் சிரித்துச் சிரித்து விசாரிப்பார். மண்டபம் நிறைந்த சனம் அதற்கும் கைதட்டும்.

எனக்கு அந்த நேரத்தில் தேநீர் கொடுக்கிற வேலை. ஃபிராவ் ஹூபர் என்ற தொண்ணூறு தாண்டிய அம்மா ஒருநாள் என் கையைப் பிடித்து, உங்கள் நாட்டில் தொலைக்காட்சி இருந்ததா என்று கேட்டார். இருந்தது என்றேன். மின்சாரமும் இருந்ததா என்று கேட்டார். சில நாட்களில் இருந்தது என்றேன். நல்ல பகிடி என்று நினைத்துக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அன்றிலிருந்து நான் அந்த இல்லத்தின் பகிடிக்காரன். சுவிசில் முப்பத்து மூன்று வருடமாக ஒரு பகிடியும் விட்டதில்லை நான். உண்மையைச் சொன்னால் சிரிக்கிறார்கள், அவ்வளவுதான்.

இந்த மேடைக்காரரை எனக்குப் புதிதாகத் தெரியாது. நான் வந்து அசூல் அடித்து, அதாவது அகதியாகப் பதிந்து, காம்பில் இருந்த காலத்தில், மொழி படிப்பிக்க வந்த பெண்மணி சொன்னா: ஜெர்மனிச் சானலில் சனிக்கிழமை நிகழ்ச்சியைப் பாருங்கள், அவர் பேசுவதுதான் சுத்தமான ஜெர்மன். பிறகு வேலை கிடைத்து, நாங்கள் நாலு பேர் ஓர் அறை எடுத்து, ஒரு பழைய வீடியோ டெக்கும் வாங்கிய பிறகு, நான் அவரைப் பதிவுசெய்து, நிறுத்தி நிறுத்திப் பார்த்துப் படித்தேன். வேலை இடத்தில் ஒருவரும் அந்தச் சுத்தமான ஜெர்மன் கதைக்கவில்லை. அவர்கள் சுவிஸ் ஜெர்மன் கதைத்தார்கள். நாய் கணக்குப் படித்ததுபோல நான் மொழி படித்தேன். மேடைக்கு மட்டும்தான் உதவும்.

பதிவுசெய்யக் கசட் வேண்டும். எங்களிடம் கசட்டுக்குக் குறைவில்லை. அந்தக் காலத்தில் புலம்பெயர்ந்தவர்களுக்குத் தெரியும்: ஊரில் யார் கலியாணம் கட்டினாலும் இரண்டு மணிநேரத்துக்கு மேற்பட்ட வீடியோ ஒன்று வந்துவிடும். மாப்பிள்ளை முழுகுவது அரை மணிநேரம். தாலி கட்டுவது ஒரு நிமிடம். பந்தியில் சனம் சாப்பிடுவது ஒன்றரை மணிநேரம், ஒவ்வொரு வாயாக. கமெராக்காரர் பக்கத்தில் வந்ததும் வாயில் வைத்த சோற்றை விழுங்குவதா விடுவதா என்று தெரியாமல் எல்லோரும் ஒருமாதிரி முழிப்பார்கள். தாலி கட்டும்வரை பார்த்துக் கண்கலங்குவோம். பந்தி தொடங்கியதும் நிறுத்திவிடுவோம். முழுதாகப் பார்த்தேன் என்று கடிதம் எழுதுவோம். பிறகு அதன் மேலேயே வேறு எதையாவது பதிவுசெய்வோம். இதைச் செய்யாதவர் யாரும் இருந்தால் எனக்குக் கல்லெறியலாம்.

மண்டூரில் மாமாவின் மகனுடைய கலியாண வீடியோ அப்படித்தான் வந்தது. கொழும்பால் வந்த ஒருவர் கொண்டுவந்து தந்தார். நான் தாலி கட்டும்வரை பார்த்தேன். மறுநாள் சனிக்கிழமை. கசட்டை முதலுக்குச் சுற்றி, மேடைக்காரரைப் பதிவுசெய்தேன். இரண்டு மணிநேர நிகழ்ச்சி. அந்த ஆளுக்கு நேரத்தில் முடிக்கிற பழக்கம் கிடையாது. அன்றைக்கு ஒரு பாட்டுக்காரியோடு சோபாவில் இருந்து, அவளுடைய பூனையைப் பற்றி அரை மணிநேரம் கூடக் கதைத்தார். நான் சலிக்காமல் பதிவுசெய்தேன். பூனை என்ற சொல் ஜெர்மனில் ஆண்பாலா பெண்பாலா என்று அன்றைக்குத்தான் படித்தேன்.

மூன்று கிழமை கழித்து, பழைய விலாசத்துக்குப் போய்ச் சுற்றிவந்த அப்பாவின் கடிதம் கிடைத்தது. என் தங்கச்சி பவளம் பாட்டுப் போட்டிகளில் முதலாவதாக வந்து, கொழும்பில் தொலைக்காட்சியில் ஒரு மெல்லிசை நிகழ்ச்சியில் பாடினாளாம். அவளுக்கு அப்போது பதினெட்டு வயது. எங்கள் ஊர் நாவற்குடாவில் வாத்தியார் ஒருவர் எழுதிய பாட்டு. மட்டக்களப்பு வாவியில் பாடும் மீனைப் பற்றித்தான். மட்டக்களப்பான் பாட்டு எழுதினால் மீனைப் பாடவிடாமல் விடுவானா? ஒளிபரப்பான நாளில் எங்கள் பக்கம் கரண்ட் இல்லை. வீட்டில் ஒருவரும் பார்க்கவில்லை, பாடியவள் உட்பட. பட்டணத்தில் ஜெனரேட்டர் வைத்திருந்த வீடியோக் கடைக்காரர் மட்டும் பதிவுசெய்தார். வேறு கசட் கையில் இல்லாததால், கொப்பி எடுக்க வந்திருந்த மண்டூர்க் கலியாணத்தின் கடைசியில் மிஞ்சியிருந்த இடத்தில் எடுத்தார். வீட்டில் டெக் இல்லை. ரோட்டில் தினமும் ஒரு பிரச்சினை. இங்கே வைத்திருந்தால் எரிந்துபோகும் அல்லது தொலைந்துபோகும், வெளிநாட்டில் உன்னிடம் இருந்தால் பத்திரமாக இருக்கும், பார்த்துவிட்டுக் கவனமாக வை என்று அப்பா எழுதியிருந்தார்.

கசட்டைப் போட்டுக் கடைசிக்கு ஓட்டினேன். மேடைக்காரர் படிக்கட்டில் ஏறிக் கையசைக்கிறார். மண்டபம் எழுந்து நின்று கைதட்டுகிறது. படம் ஒருமுறை நடுங்குகிறது. பிறகு பச்சைச் சேலையில் என் தங்கச்சி, பாடி முடித்த வாயை மூடிக்கொண்டு கைகூப்புகிறாள். ‘யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பாடிய செல்வி பவளராணிக்கு நன்றி’ என்று அறிவிப்பாளர் சொல்கிறார். கொழும்புக்காரருக்குத் தமிழர் என்றால் யாழ்ப்பாணம்தான். வரைபடத்தைக் கொஞ்சம் கீழே பார்த்தால் கழுத்துச் சுளுக்கிவிடும் போல. மொத்தம் பதினொரு செக்கன். அந்தப் பூனை பாதி நேரத்தில் செத்திருந்தால் பாட்டு முழுதும் மிஞ்சியிருக்கும்.

நான் என்ன செய்தேன்? ‘பார்த்தேன். தங்கச்சி மிக நன்றாகப் பாடியிருக்கிறா. பத்திரமாக வைத்திருக்கிறேன்’ என்று எழுதினேன்.

ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எதையும் வெளிநாட்டில் பத்திரமாக இருக்கட்டும் என்று எங்களிடம் அனுப்பாதீர்கள். ஊரில் எரிந்துபோனவற்றுக்கு யாரையாவது திட்டலாம். எங்களிடம் வந்து அழிந்தவை வெளியே தெரியாது. நாங்கள் கடிதத்தில் எல்லாவற்றையும் நன்றாக வைத்திருந்தோம்.

போன வருடம் பவளத்துக்குத் தொண்டையில் கட்டி வந்து வெட்டி எடுத்தார்கள். உயிருக்கு ஒன்றும் இல்லை. குரல் போய்விட்டது. இப்போது தொலைபேசியில் கதைத்தால் வாசலில் தும்புத்தடியால் கூட்டுகிறமாதிரி ஒரு சத்தம். கோயிலிலும் பள்ளிக்கூடத்திலும் முப்பது வருடம் பாடியவள். ஒருவரும் ஒரு பாட்டைக்கூடப் பதிவுசெய்து வைக்கவில்லை. அவள்தான் எப்போதும் இருக்கிறாளே, நாளைக்கும் பாடுவாளே என்று விட்டுவிட்டார்கள். தேறி எழும்பியதும் அவள் என்னிடம் கேட்டது அந்தக் கசட்டைத்தான். அவளுடைய மகன் கொழும்பில் அந்தப் பழைய நிகழ்ச்சியை விசாரித்துப் பார்த்தானாம். நாடா இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே உலகத்தில் மிஞ்சியது என்னிடம் இருக்கிறதுதான். தேடுகிறேன் என்றேன். கசட் என் அலுமாரியில், என் பாஸ்போட்டுக்குப் பக்கத்தில் இருந்தது.

அடுத்த கிழமை இல்லத்தில் தேநீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போது பெட்டிக்குள் பூனைக் கதை கேட்டது. திரும்பிப் பார்த்தேன். அதே சோபா. அதே பாட்டுக்காரி. ஃபிராவ் ஹூபர் மகிழ்ச்சியில் பக்கத்தில் இருந்தவரைத் தட்டி, அன்றைக்கு இவர் எவ்வளவு நேரம் கூடக் கதைத்தார் தெரியுமா, எங்களுக்கு முடியவே கூடாது போல இருந்தது என்றார். நான் தேநீர்ப் பாத்திரத்தை வைத்துவிட்டுப் போய்ப் பெட்டியை அமர்த்தினேன். கேக் தட்டுகளோடு பதினாலு பேர் என்னைப் பார்த்தார்கள். ஒருவர் மட்டும் இருட்டுத் திரைக்குக் கைதட்டினார்.

பொறுப்பாளர் பெண் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, தண்ணீர் தந்து, மெல்லிய குரலில், பூனைகள் உங்கள் மதத்தில் தடையா என்று கேட்டா. இல்லை என்றேன். அந்தப் பாடகி போட்டிருந்த உடுப்புக் காரணமா என்று கேட்டா. அந்த ஆள் என் தங்கச்சியின் மேல் ஏறிக் கதைத்துவிட்டான் என்றேன். பொறுப்பாளரின் முகம் வெளுத்துப்போனது. என்னை உளவியல் ஆலோசகரிடம் அனுப்பக் கடிதம் எழுதினா. நல்ல பெண். பலகலாசாரப் பயிற்சி எல்லாம் முடித்தவ.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் பவளத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். கசட்டைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று இன்னொரு பொய் தயாராக வைத்திருந்தேன். சொல்லியும் விட்டேன்.

“சரி அண்ணன். கசட் போனாப் போகட்டும். நல்லாப் பாடியிரிக்கிறா எண்டு எழுதினீங்கதானே. நான் எப்பிடிப் பாடினன்?”

அலுமாரியைத் திறந்து கசட்டைக் கையில் எடுத்தேன்.

“பாட்டு எனக்கு மறக்கயில்ல. குரல்தான் எப்பிடி இரிந்ததெண்டு தெரியா. அப்பாவும் கேக்கயில்ல, அம்மாவும் கேக்கயில்ல. கேட்ட ஆள் நீங்க மட்டும்தான். சும்மா ரெண்டு வார்த்த செல்லுங்க. மேல ஏறக்குள்ள குரல் உடைஞ்சதா?”

அதற்குப் பிறகும் பொய் சொல்லியிருக்கலாம். உடையவில்லை, தேன் மாதிரி இருந்தது என்று சொல்லியிருந்தால் அவளும் நிம்மதியாக இருந்திருப்பாள், நானும் நல்ல அண்ணனாக இருந்திருப்பேன். அந்த அளவுக்குத் துணிந்த அயோக்கியன் நான் இல்லை. எல்லாவற்றையும் சொன்னேன். சனிக்கிழமை, சோபா, பூனை, பதினொரு செக்கன், யாழ்ப்பாணம். முடிந்ததும், இருக்கிறதை அனுப்புங்க என்று மட்டும் சொல்லித் தொலைபேசியை வைத்தாள்.

பழைய கசட்டைக் கணினிக்கு மாற்றுகிற கடைக்காரனிடம் கொடுத்தேன். கடைசித் துண்டை மட்டும் வெட்டித் தரட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். நான் செய்ததை அவள் முழுதாகப் பார்க்கட்டும் என்று எல்லாவற்றையும் அனுப்பினேன். ஐந்து நாள் ஒரு சத்தமும் இல்லை. நான் எடுத்தாலும் மகன்தான் கதைத்தான், அம்மா குளிக்கிறா என்றான். ஐந்து நாளும் குளித்தாள். ஆறாம் நாள் அவளாக எடுத்தாள்.

“முழுக்கப் பாத்தன்.”

“அதில ஒண்டும் இல்லியே புள்ள. கடைசியில மட்டும்தானே.”

“தெரியும். இடையில எங்கயாவது ஒரு இடத்தில என்ட குரல் கொஞ்சம் கசிஞ்சி வருமோ எண்டு பாத்தன். ரெண்டு தரம் பாத்தன். அந்த மனுசன் வாய் மூடுறானே இல்ல.”

நான் மன்னிப்புக் கேட்டேன். அதை அவள் எடுக்கவில்லை.

“மன்னிக்கிறதெல்லாம் மறுகா பாப்பம், அண்ணன். நான் ஒண்டு செல்லட்டா? அவனுக்கு அவ்வளவு சனம் எழும்பிக் கைதட்டுது. உடன நான் கும்பிடுறன். தெரியாத ஆக்கள் பாத்தா எனக்குத்தான் தட்டின எண்டு நினைப்பாங்க. மகன் அந்தத் துண்ட மட்டும் வெட்டி எல்லாருக்கும் அனுப்பிட்டான். ரோட்டால போற வாற சனமெல்லாம் கேக்குது, பவளக்கா, நீங்க எப்ப ஜெர்மனியில பாடின எண்டு.”

“நீ என்ன சொன்ன?”

“ஓம் எண்டன்.”

தும்புத்தடிச் சத்தத்தில் அவள் சிரித்தாளா இருமினாளா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் துணிவில்லை.

அந்தத் துண்டு எனக்கும் வந்தது, ஒரு முறை அல்ல, பிரான்சிலிருந்தும் கனடாவிலிருந்தும் ஊரார் அனுப்பி ஏழெட்டுத் தரம். எந்தத் தமிழர் பாடினாலும் எங்களுக்குப் பெருமைதானே. ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். ஜெர்மன்காரர் எழுந்து நின்று யாருக்கோ தட்டுகிறார்கள். யாழ்ப்பாணத்துக்காரியாக்கப்பட்ட நாவற்குடாக்காரி அதை வாங்கிக் கைகூப்புகிறாள். நடுவில் படம் ஒருமுறை நடுங்கும். அந்தப் பக்கமும் இல்லை, இந்தப் பக்கமும் இல்லை, நான் இருக்கிறது அந்த இடத்தில்தான்: டெக்குக்கு முன்னால் குந்தியிருந்து, இன்றைக்கு நல்ல ஜெர்மன் படித்தேன் என்ற திருப்தியோடு பதிவை நிறுத்தும் பொத்தானை அமத்திய விரலாக.