அக்கா கற்காத வகுத்தல்

ஆயாம்மா வகுப்பு வாசலில் வந்து நின்றாலே போதும், அக்கா பென்சிலைப் பைக்குள் போட்டுவிட்டு எழுந்துவிடுவாள். ஸ்ரீராம்புரத்தில் நாங்கள் படித்த கன்னடப் பள்ளியில் அவள் மூன்றாவது, நான் முதல் வகுப்பு. புதிதாகச் சேர்ந்த தமிழ்ப் பிள்ளை ஏதாவது ஒன்று என் வகுப்பில் அழுதுகொண்டிருக்கும். மிஸ் பேசுவது அதற்கு விளங்காது. அது பேசுவது மிஸ்ஸுக்கு விளங்காது. அக்கா வந்து உட்கார்ந்து, கழிப்பறை எங்கே, அம்மா எப்போது வருவாள் என்று சொல்லிச் சொல்லித் தேற்றுவாள். அழுகை அடங்கினாலும் மிஸ் அவளை உடனே விடமாட்டார். எனக்கென்னவோ அப்போது பெருமையாகத்தான் இருந்தது.

திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம் எங்களுடையது. வீட்டில் முதலில் கன்னடம் பேசியவள் அக்காதான். தெருவிலும் அவளை விடமாட்டார்கள். "ஏய் கன்னட மிஸ்ஸு, கேஸ் ஆபீசு வரைக்கும் வந்துட்டுப் போடி" என்பார்கள். கெட்டிக்காரி, சாமர்த்தியசாலி என்பார்கள். வந்தேறிய வீட்டுப் பிள்ளைகளைப் பற்றி இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். கேட்கும்போதே எனக்கு அலுப்பாக இருக்கிறது.

ஐந்தாவதில், இலவச விடுதிப் பள்ளி ஒன்றின் நுழைவுத் தேர்வுக்கு அவளைத் தயார் செய்தார்கள். இடம் கிடைத்தால் பத்தாவது வரை கவலையில்லை. மாதிரித் தேர்வில் கன்னடம் பிரமாதம். கணக்கில் வகுத்தல் வந்த இடமெல்லாம் வெறுமையாக இருந்தது. வகுத்தல் நடந்த நாட்களில் அவள் பாதி நேரம் முதல் வகுப்பில் இருந்திருக்கிறாள்.

மல்லேஸ்வரத்து வீடுகளில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அம்மா மறுநாளே பள்ளிக்கு வந்தாள். அக்கா வழக்கம்போல மொழிபெயர்க்கத் தயாராகப் பக்கத்தில் நின்றாள்.

"நீ பேசாத இரு. நானே சொல்லிக்கிறேன்."

வேலை செய்த வீடுகளில் பொறுக்கிய கன்னடத்தில் அம்மா தலைமையாசிரியையிடம் சொன்னாள்: "மகள்ன ஓதக்கெ கள்ஸிதீனி, மேடம். கெலசக்கெ நானிதீனி." மகளைப் படிக்க அனுப்பியிருக்கிறேன், வேலைக்கு நான் இருக்கிறேன். தலைமையாசிரியை ஆயாம்மாவைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். அதன்பின் ஆயாம்மா வாசலுக்கு வரவில்லை. ஆனால் தேர்வு நெருங்கிவிட்டிருந்தது. அக்காவுக்கு இடம் கிடைக்கவில்லை.

இப்போது அவள் ஒரு பெரிய மருத்துவமனையின் வரவேற்பில் இருக்கிறாள். தமிழா, தெலுங்கா, ஹிந்தியா, யாருக்கு எது புரியாவிட்டாலும் அவளைத்தான் கூப்பிடுகிறார்கள். வீட்டுக்கு வந்தால் வாயைத் திறக்கவே பிடிப்பதில்லை அவளுக்கு.

சனிக்கிழமைகளில் நான் ஆனேக்கலில் ஒரு பள்ளிக்குக் கணக்குச் சொல்லித்தரப் போகிறேன். போன வாரம் பாடத்தின் நடுவே ஒரு பீகார்ச் சிறுமியை அழைத்துப்போக ஆசிரியை வந்தார். கீழ் வகுப்பில் ஹிந்தி மட்டுமே தெரிந்த புதுப் பிள்ளை அழுகிறதாம். இவள் இருக்கட்டுமே என்றேன். "அப்போ யார் சமாதானப்படுத்துறது? நீங்க வர்றீங்களா?" என்றார். அவர் கேட்டதிலும் தவறில்லை, அவருக்கும் களைப்பு.

பலகையில் பாதியில் நின்ற கணக்கை முடிக்கச் சொல்லிச் சிறுமியின் கையில் சாக்பீஸைக் கொடுத்துவிட்டு நானே போனேன். என் ஹிந்தியைக் கேட்டு அந்தப் பிள்ளை இன்னும் உரக்க அழுதது. மதியச் சாப்பாட்டு மணி அடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.