மொன்றியல் பல்கலைக்கழகக் குளத்தில் ஆளில்லாத முதல் லேன்

பிளஸ் டூ முடித்த கையோடு எங்கேயும் சேராமல், நீச்சலுக்கென்றே ஒரு வருடத்தை ஒதுக்கியவள் என் மகள் அபி. "பொண்ணுக்கு ஒரு வருஷம் வீணாப் போச்சு" என்று சொல்லாத உறவினர் பாக்கியில்லை. கனடாவில், மொன்றியலில் ஒரு பல்கலைக்கழகம் (பெயர் வேண்டாமே) அவளுடைய காணொளிகளைப் பார்த்துவிட்டு, நேரில் வந்து நீந்திக் காட்டினால் உதவித்தொகையோடு இடம் தருவதை யோசிக்கலாம் என்று எழுதியது. கிடைக்காவிட்டால் சென்னையிலேயே பொறியியல், நீச்சலுக்கு முழுக்கு. அவள் அப்பாவோடு பேசி வைத்திருந்தது அப்படி. போன பிப்ரவரியில் நாங்கள் இருவரும் கிளம்பினோம். பிள்ளையை இப்படி அனுப்ப நினைக்கும் சிலர் கேட்டதால் இதை எழுதுகிறேன்.

நம் ஊரில் விளையாட்டு என்பது வேலைக்கு ஏறும் ஏணி. நானே வாலிபால் ஆடி, ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வங்கிக்குள் நுழைந்தவள். வேலை கிடைத்த மறுநாளிலிருந்து பந்தைத் தொடவில்லை. அங்கேயோ கல்லூரியே ஒலிம்பிக்குக்கு ஆள் தயார் செய்கிறது. குளம், பயிற்சியாளர், மருத்துவர், சாப்பாடு, பட்டப்படிப்பு எல்லாம் ஒரே வளாகத்தில். ஆசைப்படாமல் என்ன செய்வது?

மொன்றியல் தமிழர் வாட்ஸப் குழு ஒன்றில் விசாரித்தபோது, அதே அணியில் முன்பு நீந்திய துஷாவின் எண்ணைக் கொடுத்தார்கள். யாழ்ப்பாணக் குடும்பம், முப்பது வயதிருக்கும். லவாலில் குழந்தைகள் காப்பகத்தில் வேலை. புறநகரான ரொக்ஸ்பரோவில் இருக்கும் அவர் வீட்டு பேஸ்மெண்டில் நாளுக்கு அறுபது டாலர் வாடகையில் தங்கினோம். விமான நிலையத்திலிருந்து டாக்சிக்கு நாற்பத்தைந்து டாலர் ஆனது.

"நீங்களும் அங்க நீந்தினீங்களாமே?" என்று வந்த அன்றே கேட்டேன்.

"ஓம் அக்கா, கொஞ்ச நாள். பேந்து விட்டிட்டன். சாப்பிட வாங்கோ, புட்டு ஆறப்போகுது."

முதல் நாள் ரயிலில் நகரத்துக்குப் போனோம். அரை மணி நேரம்தான், டிக்கெட் நான்கு டாலருக்குள். பல்கலைக்கழகத்தைச் சுற்றிய தெருக்கள் மாணவர்களுக்கென்றே செய்தவை போலிருந்தன. வீட்டுக்கு வெளியே வளைந்து ஏறும் இரும்புப் படிகள், பேகல் ரொட்டிக் கடைகள், ஒரே காபியோடு நான்கு மணி நேரம் உட்கார்ந்தாலும் முறைக்காத கடைக்காரர்கள். இந்த வயதில் எனக்கே சேர்ந்துவிடலாம் போலிருந்தது. ஆனால் அது மாணவர்களுக்கு விடுமுறை வாரம். குளிர் மைனஸ் இருபது. இருபது வயதுக்காரர்களின் ஊரில் இருபது வயதில் ஒருவரையும் காணோம். நீச்சல் கட்டடத்துத் தாழ்வாரத்தில் ஒலிம்பிக் போனவர்களின் படங்கள் மட்டும் வரிசையாக இருந்தன. எல்லோரும் ஈரத் தலையோடு, சிரிக்காமல். நான் அங்கே அதிக நேரம் நிற்கவில்லை.

மறுநாள் காலை ஐந்தரைக்கு அபியின் தேர்வு. அந்த நேரத்துப் பனியில் இருபத்திரண்டு கிலோமீட்டரை நாற்பது நிமிடத்தில் ஓட்டிவந்து விட்டார் துஷா. உள்ளே வரச் சொன்னேன். "இல்லை அக்கா, நான் காருக்குள்ளயே இருக்கிறன்" என்றார்.

குளத்தில் எட்டு லேன். ஏழில் லேனுக்கு நான்கைந்து பேர். முதல் லேனில் ஆளே இல்லை. அதன் தரையில் மட்டும் ஒரு பச்சை வெளிச்சம், யாரோ தண்ணீருக்கடியில் டார்ச் பிடித்துக்கொண்டு போவது போல, போய்ப் போய்த் திரும்பியது. நரைத்த தலைப் பயிற்சியாளர் அம்மா விளக்கினார். முன்பிருந்த மாணவி ஒருத்தியின் எண்ணூறு மீட்டர் பயிற்சி அது. அவள் மணிக்கட்டில் கட்டிய கருவியில் பதிவானதை அப்படியே தரை விளக்குகளில் தினமும் ஓட விடுகிறார்களாம். இன்றுவரை அவளை யாரும் முந்தவில்லை என்றார். வெளிச்சத்தை 'அவள்' என்றுதான் சொன்னார். மற்றப் பிள்ளைகளும் அப்படியே சொன்னார்கள்.

அபிக்கு இரண்டாம் லேன். பத்து நீளம் வரை வெளிச்சத்துக்கு ஓர் ஆள் நீளம் பின்னாலேயே போனாள். பதினோராவது நீளத்தின் நடுவில் வெளிச்சம் நின்றுவிட்டது. நின்ற இடத்திலேயே லேசாக ஆடியது. பக்கத்தில் வந்த அபியும் நின்றாள். தலையைத் தண்ணீருக்குள் விட்டு முதல் லேனைப் பார்த்தாள். மற்ற லேன்களில் ஒருவரும் தலை தூக்கவில்லை. சில விநாடி கழித்து வெளிச்சம் மறுபடி கிளம்பியது. பயிற்சியாளர் கடிகாரத்தை நிறுத்தினார்.

"யாரோ மூழ்கிட்ட மாதிரி இருந்துச்சும்மா" என்றாள் அபி. "லைட்டுதான்னு தெரியும். ஆனா ஆள் நின்ன மாதிரியே நின்னுச்சு."

சென்னையில் அவள் பழகிய குளத்தில் ஒரே நேரத்தில் அறுபது பிள்ளைகள் இறங்குவார்கள், காவலுக்கு ஒரே ஆள். பக்கத்து ஆள் நின்றால் நீயும் நின்று பார் என்பதுதான் அங்கே முதல் பாடம். அது எனக்குத் தெரியும். இருந்தும் எனக்கு அவள் மேல் கோபம்தான் வந்தது. பயிற்சியாளர் நிதானமாகவே பேசினார். அது பதிவில் உள்ள கோளாறு, அந்த நிறுத்தத்தோடு சேர்த்துப் பார்த்தாலும் அவள்தான் வேகம், நாளை இன்னொரு வாய்ப்பு தருகிறேன், இங்கே நாங்கள் நிற்பதில்லை என்றார்.

காரில் ஏறிக் கதவைச் சாத்தினோம். நாங்கள் வாய் திறக்குமுன் துஷா கேட்டார்: "வெளிச்சம் இப்பவும் நிக்குதோ?"

நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"அது நான்தான் அக்கா. அண்டைக்கு நெஞ்சுக்குள்ள ஏதோ பிடிச்சிட்டுது. மூச்சு வரேல்லை, கீழ போயிட்டன். பக்கத்து லேனில வந்தவ என்னைப் பாத்தவ. அவவின்ரை கண் எனக்கு வடிவாத் தெரிஞ்சது. அவ நிக்கேல்லை. பேந்து எப்பிடியோ மேல வந்து மிச்சத்தையும் நீந்தி முடிச்சன்."

"கோச் என்ன சொன்னாங்க?"

"நல்ல டைமிங் எண்டு சொன்னா. அடுத்த நாள் நான் போகேல்லை."

பின் சீட்டிலிருந்து அபி கேட்டாள். "அந்தப் பக்கத்து லேன் அக்கா இப்ப எங்க?"

"அந்த ஒலிம்பிக் சுவரில படம் இருக்கு" என்றார் துஷா, சாலையைப் பார்த்தபடி.

அன்று மாலை சாப்பாட்டு மேசையில் அபி என்னிடம், "நாளைக்கு நான் என்னம்மா பண்ணட்டும்?" என்று கேட்டாள்.

"அது வெறும் லைட்டுடி. அந்தப் பக்கம் பாக்காம நீந்து" என்றேன். துஷா அடுப்பருகில்தான் நின்றிருந்தார். கறியைக் கிளறிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் அவராகவே உள்ளே வந்தார். குளிர் அங்கியைக்கூடக் கழற்றாமல் என் பக்கத்தில் உட்கார்ந்தார். பதினோராவது நீளம் வந்தது. வெளிச்சம் நின்றது. பக்கத்தில் துஷாவின் மூச்சும் நின்றதை உணர்ந்தேன். அபியின் முகம் மூச்செடுக்க அந்தப் பக்கம் திரும்பியது. பார்த்தாள். பார்த்துவிட்டுக் கடந்து போனாள். வெளிச்சம் மறுபடி நகர்ந்த பிறகுதான் துஷா மூச்சு விட்டார்.

"நல்லா நீந்துறா" என்றார். "கட்டாயம் இடம் குடுப்பினம்."

கொடுத்தார்கள். எனக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்ல மாட்டேன். அதோடு சேர்ந்து வந்த பயம் ஒன்று இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை.

போகிறவர்களுக்கு: ஊரின் அழகைப் பார்க்க வேண்டுமென்றால் செப்டம்பரில் போங்கள், விடுமுறை வாரம் வேண்டாம். கம்பளித் தொப்பி அவசியம். ஈரத் தலையோடு வெளியே வந்தால் ஐந்து நிமிடத்தில் முடி குச்சியாகிவிடும். ரொக்ஸ்பரோ மலிவு, ஆனால் விடியற்காலைக்குக் கார் வேண்டும். பயிற்சியாளரிடம் எத்தனை பேர் ஒலிம்பிக் போனார்கள் என்று நாம் எல்லோருமே கேட்போம். பாதியில் விட்டுப் போனவர்கள் யாராவது இருந்தால் தேடிப் பிடித்து அவர்களிடமும் கேளுங்கள். நான் கேட்டேன். பதில் கிடைத்தும் அனுப்பினேன்.

அபி செப்டம்பரில் சேர்ந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுவாள். ஊர் பிடித்திருக்கிறது, நீந்தும் நேரம் குறைந்துகொண்டே வருகிறது, பயிற்சியாளருக்கு அவள் மேல் நம்பிக்கை. போன வாரம் மனசு கேட்காமல், "முதல் லேன்ல அந்த லைட் இன்னும் நடுவுல நிக்குதாடி?" என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தாள்.

"நிக்குமா என்ன? நான் கவனிக்கலம்மா."