நாலு இட்லியின் எடை

அன்று காலை வண்டியருகே இருந்தவர்களைச் சொல்கிறேன். லேத் பட்டறையில் வேலை பார்க்கும் ஒருவர், ஏழு வருடமாக என்னிடம்தான் டிபன். பக்கத்துக் கம்பெனி வாட்ச்மேன், நைட் டியூட்டி முடித்து வந்தவர். லாரிக்கு மூட்டை ஏற்றும் ஒடிசாக்காரர், முப்பது வயது இருக்கும், தம்பி என்று கூப்பிடுவேன். கடை கடையாக விலை கேட்டு எழுதிக்கொண்டு போகும் ஒரு பெண், கையில் டேப்லெட். வண்டிக்குப் பின்னால் தட்டு கழுவிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர். நான்.

வண்டி நிற்பது அம்பத்தூர் எஸ்டேட்டில், ஒரு கம்பெனி மதில் ஓரம். பிரஸ் மிஷினில் வீட்டுக்காரருக்கு வலது கையில் மூன்று விரல் போன பிறகு போட்டது. இட்லி மட்டும்தான். தட்டுக்கு நாலு, முப்பது ரூபாய். தினமும் எழுநூற்றைம்பது ரூபாய் கைக்கு வந்தால்தான் மறுநாளைக்கு அரிசி, உளுந்து, கேஸ். அதற்கு மேல் வருவது வாடகைக்கும் எங்கள் வயிற்றுக்கும். அதற்குக் கீழே போனால் மறுநாள் வண்டி இல்லை. ஒதுக்கி வைத்த பணம் என்று எதுவும் கிடையாது. கேட்டால் கொடுக்கும் ஆளும் கிடையாது.

இரண்டு வருடமாக முப்பதை ஏற்றவில்லை. உளுந்து ஏறியது. எண்ணெய் ஏறியது. கேஸ் ஏறியது. எதிர் வண்டியிலும் முப்பதுதான். நான் ஐந்து ரூபாய் ஏற்றினால் ஆட்கள் ரோட்டைத் தாண்டிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, கான்ட்ராக்டில் வாங்கும் கூலி அப்படியேதான் இருந்தது. போன தீபாவளி முடிந்ததும் அம்பத்தூர் ஓ.டி. பஜாருக்குப் போய், குழி சின்னதாக இருக்கும் இட்லித் தட்டு வாங்கி வந்தேன். பழையதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். யாரிடமும் சொல்லவில்லை. கொஞ்ச நாள் யார் முகத்தையும் பார்க்காமல் பரிமாறினேன். பிறகு பழகிவிட்டது.

அந்தப் பெண் சில மாதத்துக்கு ஒருமுறை வருவாள். எந்த ஆபீஸ் என்று சொன்னாள், எனக்கு விளங்கவில்லை. ஒரு தட்டு எவ்வளவு என்று கேட்பாள். முப்பது என்பேன். டேப்பில் தட்டிக்கொண்டு போய்விடுவாள். அன்று பையிலிருந்து சின்னத் தராசு ஒன்றை எடுத்தாள்.

"இந்தத் தடவ எடையும் போடச் சொல்லியிருக்காங்கக்கா. மொத தடவ போட்டது, அப்புறம் போடவே இல்ல. ஒரு தட்டு குடுங்க, காசு குடுத்துடறேன்."

முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் வண்டியை எடுக்கச் சொல்லிவிடுவார்களோ என்று பயந்தேன். விலை எழுத வருகிறவர்கள் வேறு, வண்டியைத் தூக்க வருகிறவர்கள் வேறு என்பது அப்போது எனக்குத் தெரியாது. நான் ஆறாவது வரை படித்தவள். நாலு இட்லியை வைத்துக் கொடுத்தேன்.

"நூத்தி இருபத்தெட்டு கிராம்," என்று சத்தமாகப் படித்தாள். டேப்பைப் பார்த்தாள். "மொத தடவ எரநூறு இருந்துச்சே. அதே இட்லிதானாக்கா?"

"அதே இட்லிதான்," என்றேன்.

"வெல அப்படியே இருந்து எடை கொறஞ்சா, வெல ஏறிடுச்சுன்னுதான் நாங்க எழுதணும். பழைய எடைக்குப் பாத்தா..." கணக்குப் போட்டாள். "நாப்பத்தேழு ரூபா வருது."

லேத்காரர் பிட்ட இட்லியைக் கையில் பிடித்தபடி நின்றார். வாட்ச்மேன் பக்கம் திரும்பினார்.

"மாமே, நாம நாப்பத்தேழு ரூபா இட்லி துன்னுகினு கீறோம். தெரியுமா உனக்கு? பெரிய ஆளுங்கதான் நாம."

"அதான பாத்தேன்," என்றார் வாட்ச்மேன். "ஊட்டுக்குப் போயி படுத்தா பத்து மணிக்கே வயிறு எழுப்பி வுடுது. நான் வயசாயிடுச்சுன்னு நெனச்சுகினு கீறேன்."

அந்தப் பெண் போனில் காசு அனுப்பினாள். வண்டியில் மாட்டியிருந்த பெட்டி, முப்பது ரூபாய் வந்துவிட்டது என்று கத்தியது. லேத்காரர் சிரித்தார். வீட்டுக்காரர் தட்டு கழுவுவதை நிறுத்தியிருந்தார்.

சங்கடமாகிவிட்டது அவளுக்கு. சமாதானம் பண்ணுவது போல் சொன்னாள்: "இதெல்லாம் சேத்து வெளிநாட்டு வெலையோட ஒப்பிடுவாங்கண்ணா. இதே நாலு இட்லி அங்க நம்ம காசுல பல நூறு ரூபா ஆவும். இங்க கம்மில கெடைக்குது. அதனால நம்ம ரூபாக்கு இங்க பலம் ஜாஸ்தின்னு ஒரு கணக்கு."

"எந்த ரூபாக்கு?" என்றார் வாட்ச்மேன். "என் சம்பளத்துல வர்ற ரூபாக்கா, இல்ல வேற எதனா ரூபா கீதா?"

அவள் தராசைப் பைக்குள் வைத்தாள். இங்கே ஏன் கம்மி என்று எனக்குத் தெரியும். விடிவதற்கு முன்னால் எழுந்து நானும் வீட்டுக்காரரும் மதியம் வரை நிற்கிறோம். அப்படி நிற்பதற்கு நாங்கள் விலை போட்டதே இல்லை. போட்டால் முப்பதுக்குக் கொடுக்க முடியாது.

சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒடிசாக்காரர் தட்டை வைத்தார்.

"அக்கா, என் ஊர்ல முப்பது ரூபா பெருசு. அம்மா, பொண்டாட்டி, பாப்பா, காலைல மூணு பேர் சாப்பிடும். இங்க நான் ஒரு ஆள், பத்தாது. அதான் இங்க ஒரு தட்டு நிறுத்திட்டேன். அந்த காசு ஊருக்குப் போனா பெருசாவும்."

முன்பெல்லாம் இரண்டு தட்டு சாப்பிடுவார். ஒன்றாகக் குறைத்தபோது என் சாம்பார் பிடிக்கவில்லை என்று நினைத்தேன். மிச்சமிருந்த அந்த ஒரு தட்டிலிருந்துதான் மூன்றில் ஒரு பங்கை நான் எடுத்திருந்தேன்.

லேத்காரர் முப்பது ரூபாயை வண்டி மேல் வைத்தார். "சொல்லிட்டு ஏத்தியிருக்கலாங்க்கா. ஏழு வருசம். நாங்க இன்னா, அடிச்சா தொரத்துவோம்?"

அன்று வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரர் கட்டிலுக்கு அடியிலிருந்து பழைய தட்டை இழுத்தார்.

"இதுல ஊத்து. நாப்பத்தஞ்சுன்னு எழுதி வெச்சிடு."

"வருவாங்களா?"

"வரலைன்னா போவட்டும். ஏமாத்துனவங்கன்னு நிக்க முடியாது."

"போவட்டும்னா? மறுநாளு இன்னாத்த ஊற வெக்கிறது?"

இடது கை விரலில் கணக்குப் போட்டார். "பதினேழு தட்டு போனா எழுநூத்தம்பது வந்துடும். பதினேழு பேரு வர மாட்டாங்களா?"

மறுநாள் சிலேட்டில் எழுதி வண்டியில் மாட்டினேன். நாலு இட்லி 45. சின்னக் குழியில் நூற்றெண்பது இட்லிக்கு மேல் வரும் மாவு, பெரிய குழியில் நூற்றிருபதுதான் வந்தது. எதிர் வண்டியில் முப்பதுதான். அங்கே இட்லி என்னுடைய சின்ன இட்லியை விடச் சின்னது. யாரும் நிறுத்துப் பார்க்கவில்லை.

லேத்காரர் தன் சைக்கிளை நிறுத்திச் சிலேட்டைப் பார்த்தார். இட்லியையும் பார்த்தார். "நல்லா பெருசா கீதுக்கா," என்றார். சட்டைப் பையைத் தொட்டார். "மாசக் கடைசி. சம்பளம் வரட்டும், வர்றேன்." ரோட்டைத் தாண்டிப் போனார். நான் அவர் முதுகைப் பார்க்கவில்லை. இட்லியை மூடினேன்.

வாட்ச்மேன் வந்து ஒரு தட்டு சாப்பிட்டார். "இன்னிக்கு தூங்கலாம்," என்றார். நாளைக்கு வருவதாகச் சொல்லவில்லை. தெரியாத முகங்கள் சில வந்தன. பலர் சிலேட்டைப் படித்துவிட்டு நடந்தார்கள்.

ஒடிசாக்காரர் வெகு நேரம் கழித்து வந்தார். "ரெண்டு இட்லி குடு அக்கா." மூன்று வைத்தேன். ஒன்றை எடுத்துத் திரும்பக் கொப்பரையில் போட்டார். "ரெண்டுக்குதான் காசு." இருபது ரூபாய் கொடுத்தார். நின்றபடியே தின்றுவிட்டு, இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, லாரிக்குப் போனார்.

ஷிப்ட் மணி அடித்தது. ரோடு காலியானது. எதிர் வண்டிக்காரர் பாத்திரத்தைக் கவிழ்த்துக் கழுவ ஆரம்பித்தார். எங்கள் கொப்பரையில் இட்லி அடுக்கடுக்காக ஆறிக்கொண்டிருந்தது. அரிசிக் கடையில் மதியத்துக்குள் காசு கட்டினால்தான் சாயங்காலம் மாவு ஆட்ட முடியும். வீட்டுக்காரர் டப்பாவைத் திறந்து இடது கையால் நோட்டுகளைப் பிரித்து எண்ணினார். பெட்டியில் வந்ததைப் போனில் பார்த்துச் சேர்த்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். மறுபடி எண்ணினார்.

நானூற்று இருபத்தைந்து ரூபாய்.