மோகனின் இரண்டாவது ரிப்போர்ட்

செய்தி வந்தபோது என் நாற்காலியில் ஒரு நோயாளி வாயைத் திறந்தபடி படுத்திருந்தார். கைப்பேசி விடாமல் அதிர்ந்தது. திங்கட்கிழமை காலையில் நம் சைக்கிள் குழுவில் யாரும் பேசமாட்டார்கள். ஞாயிறு ஓட்டத்தின் கால்வலியே தீர்ந்திருக்காது. கையுறையைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன். மோகனின் மனைவி சாந்தி, கணவரின் கைப்பேசியிலிருந்தே எழுதியிருந்தார்: "மோகன் தூக்கத்துல போயிட்டாரு. எல்லாரும் வாங்க." நோயாளியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, பிரிக்ஃபீல்ட்ஸ் கிளினிக்கின் பின்னறைக்குப் போய் அழுதேன். பிறகு வந்து அந்தப் பல்லை அடைத்து முடித்தேன். பாதியில் விட்டுப் போயிருந்தால் மோகனே திட்டியிருப்பார்.

உங்களில் பலருக்கு அவரைச் சைக்கிளோடுதான் தெரியும். வேலையில் அவர் விபத்தில் நசுங்கிய கார்களைப் பார்த்து, எது எப்படி உடைந்தது என்று காப்புறுதி நிறுவனங்களுக்கு ரிப்போர்ட் எழுதுகிறவர். அந்தத் தொழில் அவர் வாயிலும் ஏறியிருந்தது. எதைப் பற்றியும் தீர்ப்புச் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார். மண்பாதையில் ஓட்டும் கிரேவல் சைக்கிளுக்குக் குரூப்செட் வாங்கப் போகிற எவரும், அதாவது கியர், லீவர், செயின், பிரேக் எல்லாம் அடங்கிய தொகுதியைத் தேடுகிற எவரும், கிள்ளானில் அவரைத் தாண்டிப் போனதில்லை. எத்தனை உயர்ரகம் வாங்க நினைத்தாலும் அவர் தீர்ப்பு ஒன்றுதான்: லீவரைத் தள்ளினால் கம்பி இழுத்துக் கியரை மாற்றும் கேபிள் வகை. பொத்தானை அழுத்தினால் மோட்டார் கியரை மாற்றிவிடும் பேட்டரி வகை அவருக்கு ஆகவே ஆகாது. "சார்ஜ் போட்டாத்தான் ஓடும்னா அது சைக்கிள் இல்ல லா, டெலிபோன்," என்பார்.

நான் அவர் பேச்சைக் கேட்காமல் பேட்டரி வாங்கினேன். அதற்கு அனுபவித்தேன். ஜெஞ்சாரோம் பக்கம் செம்பனைத் தோட்டத்து மண்பாதையில் ஒருநாள் சார்ஜ் தீர்ந்துபோய், ஒரே கியரில் சேற்றைக் கடந்துகொண்டிருந்தேன். மோகன் என் பக்கத்திலேயே, வேண்டுமென்றே டக் டக் என்று கியரை மாற்றிக்கொண்டு வந்தார். "டாக்டர், எங்கயாச்சும் ப்ளக் பாயிண்ட் இருக்கான்னு பாக்கட்டா?" என்றார். கொஞ்ச நாளில் அம்பாங் மேட்டில் அவருடைய கேபிள் அறுந்தது. நான் விட்டேனா? மேடு முடியும்வரை அவர் பக்கத்திலேயே பாடிக்கொண்டு வந்தேன். எனக்குப் பாட வராது என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும்.

போன வருடம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சுக்கும் நடைக்கும் பெரிய பாதிப்பில்லை. வலது கைதான் முழுதாகத் திரும்பவில்லை. பார்க்கப் போன நம் எல்லோரையும் வைத்துக்கொண்டு சாந்தி கறாராகச் சொன்னார்: "கை விளங்காத மனுசன் ரோட்டுல என்ன செய்வாரு? இனிமே சைக்கிள் வேணாம். யாரும் இவர உசுப்பேத்தாதீங்க." அங்கே வந்திருந்த சொந்தக்காரர்களும் தலையாட்டினார்கள். நாமும் ஆட்டினோம். மோகன் மட்டும் ஆட்டவில்லை.

சில மாதம் கழித்து, மருத்துவர் சரி என்று சொன்னபிறகு, தன் பழைய கேபிள் சைக்கிளோடு மேரு தொழிற்பேட்டைக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமை அங்கே லோரிகள் குறைவு. அங்குள்ள பாலத்தில் ஏறும்போது பார்த்தேன். கனமான கியரிலேயே, பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தார். நிறுத்தி, கையைக் காட்டச் சொன்னேன்.

"நீங்க பல் டாக்டர்தானே?"

"காட்டுங்க மோகன்."

பிரேக்கைக் கை முழுவதாலும் பற்றி இழுக்க முடிந்தது. கியர் லீவரை விரலால் பக்கவாட்டில் தள்ளத்தான் முடியவில்லை. விரல் போய் லீவரைத் தொட்டது, அங்கேயே நின்றது. பின்பக்கக் கியர் வலது கையில் இருக்கிறது. அது இல்லாமல் மேடு ஏறவும் முடியாது, சேற்றில் போகவும் முடியாது. அவர் புதுச் சைக்கிளுக்கு ஃபிரேம் மட்டும் வாங்கி வைத்திருந்தார். அதற்கென்று பல வருடமாக ஆசைப்பட்ட உயர்ரகக் கேபிள் குரூப்செட்டையும் தேர்ந்து வைத்திருந்தார். அதை மாட்டினால் அவர் ஓட்டப்போவதில்லை என்பது அந்த இடத்திலேயே எங்கள் இருவருக்கும் தெரிந்துவிட்டது.

அடுத்த வாரம் அவரும் சாந்தியும் சாமான் வாங்க பிரிக்ஃபீல்ட்ஸ் வந்தார்கள். அன்று கிளினிக்குக்குக் கொண்டுபோயிருந்த என் சைக்கிளில் முன்னால் ஒரே பல்சக்கரம்; மாற்ற வேண்டியது பின்னால் மட்டும்தான். கைப்பேசியில் அமைப்பை மாற்றி, கியர் ஏற்றுவதையும் இறக்குவதையும் இடது லீவரின் இரண்டு பொத்தான்களுக்குக் கொடுத்தேன். கிளினிக் பின்னால் இருக்கும் கார் நிறுத்துமிடத்தில் மோகன் சுற்றினார். சாந்தி கைகட்டிக்கொண்டு பார்த்தார். மோகன் திரும்பி வந்து இறங்கினார். பிறகு, "எனக்கு இதுதான் வேணும்," என்றார்.

"அப்ப டெலிபோன்?" என்று சாந்தி கேட்டார்.

"டெலிபோன்தான். நான் சொன்னது தப்பு."

அதோடு விட்டாரா? அடுத்த ஞாயிறு தேநீர்க் கடையில் எழுந்து நின்று, தான் இத்தனை வருடம் சொன்னது தப்பு என்று நம் எல்லோருக்கும் சொன்னார். தன் பேச்சைக் கேட்டுக் கேபிள் வாங்கிய ஒவ்வொருவரையும், ஊர் மாறிப் போனவர்களையும்கூட, தேடிப் பிடித்து அழைத்தார். "உன் கை நல்லாருக்கு, நீ மாத்த வேணாம். ஆனா பேட்டரி சைக்கிளே இல்லன்னு சொன்னேன் பாரு, அது தப்பு." பக்கத்தில் இருந்த எனக்கே கூச்சமாகிவிட்டது.

"யாரும் கேக்கல மோகன், விடுங்க," என்றேன்.

"கேபிள்தான்னு சொன்னப்பவும் யாரும் கேக்கல டாக்டர். ரிப்போர்ட்ட மாத்தினா, மொத ரிப்போர்ட் வாங்கின அத்தன பேருக்கும் அனுப்பணும். எங்க வேலையில அதான் முறை."

புதுச் சைக்கிளில் பேட்டரி குரூப்செட்டையே மாட்டி, பின்சக்கரத்துக்கு, மேட்டில் மிதிக்க லேசாக இருக்கும்படி, ஆகப் பெரிய பல்சக்கரமாகப் பார்த்துப் போட்டுக்கொண்டார். வேகம் குறையுமே என்று யாரோ கேட்டதற்கு, "சிங்கம் மாதிரி இருக்கிற நாளைக்கு எந்தக் கியரும் ஓடும். துவண்டு கெடக்கிற நாளைக்குத்தான் இது வேணும்," என்றார். அந்தச் சைக்கிளில் இடது கையால் கியர் மாற்றிக்கொண்டு ஜெஞ்சாரோம் மண்பாதை முழுக்க அலைந்தார். சாந்தி மட்டும், "வேணாம்னு சொல்லிட்டேன், இனி அவர் பாடு," என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அதனால் இறுதிச் சடங்குக்குப் போகும்போது எனக்குப் பயமாக இருந்தது, அதை மறைக்கவில்லை. பொத்தானை மாற்றிக் கொடுத்தவள் நான். நாம் வீட்டு முன்னால் போட்ட கூடாரத்துக்குள் நுழைந்ததும் உறவினர் ஒருவர் பக்கத்து நாற்காலிக்காரரிடம், நம் காதில் விழும்படியே, "கை முடியாத ஆள சைக்கிள்ல ஏத்திவிட்டா வேற என்ன நடக்கும்?" என்றார்.

சாந்தி வாசலுக்கு எழுந்து வந்தார். அழுது குரல் கம்மியிருந்தது, ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது.

"இவர் சைக்கிள் ஓட்டக்கூடாதுன்னு உங்க எல்லார்கிட்டயும் சொன்னவ நான்தான். நான் சொன்னது தப்பு. நேத்துகூட ஜெஞ்சாரோம் போயிட்டு, மேலெல்லாம் சேத்தோட வந்து நின்னு, பசிக்குதுன்னு சிரிச்சாரு. அன்னிக்கு நான் சொன்னதக் கேட்டவங்க எல்லாரும் இதையும் கேட்டுக்குங்க."

அவருடைய சைக்கிள் யாருக்கு என்று குழுவில் சிலர் விசாரிக்கிறீர்கள். சாந்தி தரமாட்டாராம், கேட்காதீர்கள். நான் மோகனிடமிருந்து வைத்துக்கொள்வது அவருடைய முறையை: தப்பு என்று தெரிந்தால், முதலில் கேட்ட அத்தனை பேரிடமும் போய்ச் சொல்வது. சாந்தி எனக்கு முன்பே அதை எடுத்துக்கொண்டார். இருக்கட்டும், முதல் உரிமை அவருக்குத்தான்.