ஒன்றாம் எண் டிராமும் எமெஷெயின் குடலும்

செகெட் நகரில் ஒன்றாம் எண் டிராம் ஓட்டுகிற எமெஷெக்கு வழியில் எங்கெங்கே கழிப்பறை இருக்கிறதென்று தலைகீழாகச் சொல்லத் தெரியும். ரயில் நிலையத்தில் ஒன்று. நகரமன்றச் சதுக்கத்துக் கேக் கடையில் ஒன்று. கடைக்காரி இவள் முகத்தைப் பார்த்ததும் சாவியை நீட்டிவிடுவாள். பாதை முடிகிற வடக்குக் கோடியில் ஒன்றும் கிடையாது. ஆண் ஓட்டுநர்கள் அங்கே வேலியோரம் ஒதுங்கிக்கொள்வார்கள்.

துணி ஆலையை மூடியபோது டிராம் பெட்டி கழுவுகிற வேலைக்கு டெப்போவில் சேர்ந்தவள் அவள். இரண்டு முறை தோற்று மூன்றாம் முறை பரீட்சையில் தேறி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். பெருங்குடல் அழற்சி வந்தது அதற்கெல்லாம் பிறகு. வலியைக்கூடப் பொறுத்துக்கொள்வாள். நேரம் காலம் பார்க்காமல் குடல் சுருண்டு இழுப்பதைத்தான் சமாளிக்க முடியவில்லை. அப்போதெல்லாம் வண்டியை நிறுத்தி, “சிக்னல் கோளாறு” என்று ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டு ஓடுவாள்.

பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் டாக்டர் ஹெகெதூஷ் ஒரு புது மருந்தைப் பற்றிச் சொன்னார்.

“குடல் சுவத்துல இருக்கிற நரம்புங்க ஒண்ணோட ஒண்ணு பேச குளுட்டமேட்னு ஒண்ணைச் சுரக்குது, எமெஷெம்மா. புண்ணு வந்தா அது அளவு மீறிடுது. நரம்பு கத்துது, வீக்கம் ஏறுது, குடல் தறிகெட்டு ஓடுது. அது வந்து ஒட்டுற இடத்தை முன்னாடியே அடைச்சுட்டா எல்லாம் அடங்குது. எலிங்கள்ல பாத்துட்டோம்.”

“எலிங்க என்ன சொல்லுது?”

“புகார் இல்ல. இப்ப மனுஷங்களுக்குக் குடுத்துப் பாக்கறோம். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாது.”

எமெஷெ சம்மதித்தாள்.

வீட்டில் குளுட்டமேட் என்ற பேரைக் கேட்டதும் கணவன் ஜோல்ட்டின் முகம் வெளுத்தது. மீன், வெங்காயம், மிளகாய்த்தூள் தவிர வேறெதுவும் தன் மீன் சூப்பில் விழாது என்று ஊர் முழுக்கச் சவால் விட்டவன், அலமாரிக்குப் பின்னாலிருந்து குளுட்டமேட் கலந்த சுவையூட்டித் தூள் டப்பா ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தான்.

“உன் குடலைக் கெடுத்தது நான்தானா?”

“இது உடம்பே சுரக்கிறதுடா, உன் டப்பாவுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. ஆனா இத்தனை வருஷம் ஊரை ஏமாத்தியிருக்க பாரு!” அவள் சிரித்த சிரிப்பில் வயிறு வலித்தது.

வண்டி நடுவழியில் நிற்கிற காரணத்தைச் சொன்னபோது டெப்போ மேலாளர் கலோச்சாய்க்குச் சிரிப்பு வரவில்லை.

“டிக்கெட் கவுன்ட்டருக்கு வந்துடுங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

“என் நல்லது ரோட்டுல இருக்கு.”

“மருந்து கேக்கலேன்னா?”

“அப்பவும் நான்தான் ஓட்டுவேன். வடக்குக் கோடியில ஒரு கழிப்பறை கட்டுங்க, போதும்.”

“ஒரே ஒரு ஆளுக்காகவா?”

“வேலிக்கு வாயிருந்தா எத்தனை ஆளுன்னு அது சொல்லும், சார்.”

இன்னொரு தடவை வண்டி நடுவில் நின்றால் கவுன்ட்டர்தான் என்று அவர் முடிவாகச் சொல்லிவிட்டார்.

மாத்திரை தொடங்கியபின் வயிறு கொஞ்சம் அடங்கியது. மருந்தா, மாவா, மனசா என்று அவளுக்குத் தெரியவில்லை. சில வாரம் வண்டி எங்கும் நிற்கவில்லை. கலோச்சாய் சொல்லாமல் கொள்ளாமல் வண்டியில் ஏறிய காலையில், சதுக்கத்துக்கு முன்னால் குடல் முறுக்கிப் பிடித்தது.

கேக் கடை எதிரே வண்டியை நிறுத்தினாள். கண்ணாடியில் கலோச்சாய் முகம் தெரிந்தது. கை ஒலிவாங்கிக்குப் போனது. சிக்னல் என்ற சொல் வாய் வரை வந்து நின்றது.

“பயணிகளே, சிக்னல் நல்லாத்தான் இருக்கு. எனக்குக் குடல்ல புண்ணு. கழிப்பறைக்குப் போயிட்டு வரேன். அவசரக்காரங்க இறங்கி நடக்கலாம்.”

வண்டிச் சாவியைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினாள்.

திரும்பி வந்தபோது இரண்டு பேர்தான் இறங்கிப் போயிருந்தார்கள். ஓட்டுநர் கதவருகே கலோச்சாய் நின்றிருந்தார். பின்னாலிருந்து காய்கறிப் பையோடு ஒரு பெண், “வந்துட்டாங்கல்ல, வழிவிடுங்கய்யா! சந்தை மூடறதுக்குள்ள போகணும்” என்று கத்தினாள்.

“நான் என்ன சொல்லியிருந்தேன்?” என்றார் கலோச்சாய்.

எமெஷெ சாவியை எடுத்து அவர் முன்னால் நீட்டினாள்.

“கவுன்ட்டருக்கு இப்பவே போறேன். வண்டியை நீங்க ஓட்டுங்க.”

அவர் சாவியைப் பார்த்தார், நிரம்பிய பெட்டியைப் பார்த்தார். டிராம் ஓட்ட அவருக்குத் தெரியாது. விலகிப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“வடக்குக் கோடி வரைக்கும் வாங்க சார்,” என்றாள் எமெஷெ இருக்கையில் ஏறியபடி. “வேலியைக் காட்டறேன்.”

மணியடித்து வண்டியை எடுத்தாள்.